மலையில் விட்டதை இறக்குவது யார்?

அலாஸ்கா, ஹவாய் நீங்கலான 48 அமெரிக்க மாநிலங்களில் மிக உயரமானது, கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரிலுள்ள விட்னி சிகரம். 4,421 மீட்டர் உயரமுள்ள இதன் உச்சிக்குக் கோடையில் கயிறும் பனிக்கோடரியும் இல்லாமல் நடந்தே சென்றுவிடலாம் என்பதால், அனுமதி கேட்போரின் எண்ணிக்கை இருக்கும் இடத்தைவிட எப்போதும் மிகுதியாகவே உள்ளது. மே 1 முதல் நவம்பர் 1 வரை, ஒரே நாளில் ஏறி இறங்குவோர் 100 பேர், இரவு தங்குவோர் 60 பேர் என நாள்தோறும் வரம்பு வைத்துக் குலுக்கல் முறையில் சீட்டு வழங்கப்படுகிறது. சீட்டோடு ஒரு பையும் கைக்கு வருகிறது. மலையில் கழிக்கும் மலத்தை அதற்குள் இட்டுக் கட்டி, அடிவாரம் வரை சுமந்துவந்து, அதற்கென வைத்திருக்கும் தொட்டியில் போட வேண்டும் என்பது விதி. ஆள்கணக்குக்கு வரம்பும் கழிவுக்கு விதியும் இருந்தும், அந்தப் பைகளில் ஒரு பகுதி பாறை இடுக்குகளில் விடப்பட்டு, கடைசியில் வனக்காவலர்களின் முதுகிலேறித்தான் கீழே வருகிறது.

சாலையும் வாகனமும் எட்டாத இடங்களில், நடந்தோ துடுப்புப் படகிலோ சென்று கூடாரமடித்து இரவு தங்குவது அமெரிக்காவில் நீண்டகாலப் பழக்கம். அதற்கான நிலத்தைக் காப்பதற்கென்றே 1964இல் இயற்றப்பட்ட வனாந்தரச் சட்டம், மனிதன் வந்து போகும் விருந்தாளியாக மட்டுமே இருக்கத்தக்க நிலம் என அப்பகுதிகளை வரையறுத்து, அவற்றில் கட்டடம் எழுப்புவதையும் இயந்திர ஊர்தி ஓட்டுவதையும் பொதுவாகத் தடைசெய்தது. இன்று 11 கோடி ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் இச்சட்டத்தின் கீழ் இருக்கிறது. இவ்வளவு பரந்த நிலத்தில் நெரிசல் எப்படி வரும் என்று கேட்கத் தோன்றும். விடை எளியது: வருவோர் நிலம் முழுவதும் பரவுவதில்லை. ஏரிக்கரை, வெந்நீர் ஊற்று, சிகரத்துக்கு முந்தைய கடைசிச் சமதளம் என எண்ணிச் சொல்லத்தக்க சில இடங்களிலேயே வந்து குவிகிறார்கள்.

இந்தக் குவிதலால் நிலத்துக்கு நேர்வதை ஆராயும் துறைக்குப் பொழுதுபோக்குச் சூழலியல் என்று பெயர். அத்துறையின் முக்கியமான கண்டறிதல் ஒன்று, பொதுப்புத்திக்குச் சற்று முரணானது. ஒருவர் மிதித்தால் ஒரு பங்கு, பத்துப்பேர் மிதித்தால் பத்துப் பங்கு என்று சேதம் சீராக ஏறுவதில்லை. புதிய இடமொன்றில் கூடாரமடிக்கத் தொடங்கிய முதல் சில இரவுகளிலேயே புல்லும் பூண்டும் பெரும்பாலும் அழிந்து மண் இறுகிவிடுகிறது. அதற்குப்பின் எத்தனை பேர் வந்தாலும் கூடுதல் சேதம் ஒப்பளவில் குறைவே. ஆகவே கூட்டம் வரும் இடங்களில் எல்லோரையும் பல திசைகளில் கலைத்துவிடுவதைவிட, ஏற்கெனவே தேய்ந்த முகாமிடங்களிலேயே தங்கவைப்பதுதான் நிலத்துக்கு நல்லது என்ற முடிவுக்கு வன நிர்வாகிகள் வந்தார்கள். தாவரத்தைப் பொறுத்தவரை இந்த முடிவு சரியானது. ஆனால் மலத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஒரே இடத்தில் அறுபது பேர் தங்கினால் அது அறுபது பேருடையதாகவே சேரும்.

மக்கள் அதிகம் வராத காட்டில் இதற்கு ஒரு பழைய வழி உண்டு. நீர்நிலை, பாதை, முகாம் ஆகியவற்றிலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சிறு குழி தோண்டி, கழித்தபின் மண்ணால் மூடிவிடுவார்கள். மேல்மண்ணில் ஈரமும் வெப்பமும் நுண்ணுயிர்களும் போதுமான அளவு இருக்கும் என்ற நம்பிக்கையின் மேல்தான் இந்த வழி நிற்கிறது. அந்த நம்பிக்கையை, மொன்டானா மாநிலத்தின் மலைகளில் நோய்க்கிருமிகளைக் கலந்து புதைத்துப் பார்த்து 1982இல் வெளியான ஆய்வு ஒன்று ஆட்டிவைத்தது. சால்மொனெல்லா உள்ளிட்ட கிருமிகள் பனிக்காலம் முழுவதையும் தாண்டி உயிரோடிருந்தன. குழியை ஆழமாகவோ மேலோட்டமாகவோ தோண்டியதால் பெரிய வேறுபாடு தெரியவில்லை. குளிர்ந்த உயரங்களில் மட்குதல் மிக மெதுவாகவே நடக்கிறது. மரவரம்புக்கு மேலே, அதாவது குளிராலும் காற்றாலும் மரம் வளராமல் போகும் உயரத்துக்கு மேலே, கருங்கல்லும் சரளையும் தவிரக் குழி தோண்ட மண்ணே கிடைப்பதில்லை. கல்லைப் புரட்டி அடியில் வைத்து மூடினால், அடுத்த மழையிலோ பனியுருகலிலோ அது ஓடையில் கலக்கிறது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஜியார்டியா என்னும் ஒட்டுண்ணியின் உறையிட்ட வடிவம் குளிர்நீரில் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கக்கூடியது என்பதால், பளிங்குபோல் தெரியும் மலையோடை நீரையும் கொதிக்கவைத்தோ வடிகட்டியோதான் குடிக்க வேண்டியிருக்கிறது.

விட்னி பாதையில் இந்தச் சிக்கல் முழு வடிவில் வெளிப்பட்டது. உச்சிக்குப் போய்த் திரும்பும் 35 கிலோமீட்டர் நடையில், ஏறத்தாழ 3,660 மீட்டர் உயரத்திலுள்ள பாறைத் தட்டு ஒன்றுதான் பெரும்பாலோர் தங்கும் கடைசி முகாம். அங்கும் கீழுள்ள இன்னொரு முகாமிலும் சூரிய வெப்பத்தால் கழிவை உலர்த்தும் கழிப்பறைகளை வனத்துறை ஒருகாலத்தில் வைத்திருந்தது. வந்தவர்களின் எண்ணிக்கைக்கு அவை ஈடுகொடுக்கவில்லை. கழிவு உலர்வதற்குள் தொட்டி நிரம்பிவிடும். பாதுகாப்பு உடையணிந்த ஊழியர்கள் அதை மண்வாரியால் அள்ளிக் கலன்களில் நிரப்ப, ஹெலிகாப்டர் வந்து தூக்கிச்செல்லும். இயந்திர ஊர்தியைத் தடைசெய்த சட்டத்தின் கீழுள்ள நிலத்தில், மலத்தை அகற்ற ஹெலிகாப்டர் பறந்தது என்பதிலுள்ள முரண் யாருக்கும் தெரியாமலில்லை. செலவும், ஊழியர்களின் உடல்நலத்துக்கு நேரக்கூடிய ஆபத்தும் சேர்ந்து, 2000களின் நடுப்பகுதியில் அந்தக் கழிப்பறைகள் அகற்றப்பட்டன. அவற்றின் இடத்துக்கு வந்ததுதான் பை.

பையின் அமைப்பு எளிமையானது. உள்பையின் அடியில் ஒரு பிடி தூள் இருக்கும்; குழந்தைகளின் டயாப்பரில் ஈரத்தை உறிஞ்சும் அதே வகை வேதிப்பொருள் இதிலும் சேர்க்கப்பட்டுள்ளது. ஈரம் பட்டதும் அது கூழாக இறுகி, நாற்றத்தையும் கசிவையும் ஓரளவு அடக்குகிறது. உள்பையை முடிந்து, அழுத்தி மூடும் தடித்த வெளிப்பைக்குள் போட்டுவிட்டால், நிரம்பிய பை அரைக் கிலோ அளவுக்கே கனக்கும். முறையாகச் செய்தால் இதில் குறைகாண அதிகமில்லை. குறை பயன்படுத்துவோரின் கணக்கில் இருக்கிறது. விடியுமுன் உச்சியை நோக்கிக் கிளம்புபவர், திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று பாதையோரக் கல்லுக்குப் பின்னால் பையை வைக்கிறார். பன்னிரண்டு மணிநேரம் கழித்து, மெல்லிய காற்றில் தலைவலியோடும் தளர்ந்த முழங்காலோடும் இறங்கும்போது, அந்தக் கல் எதுவென்று நினைவிருப்பதில்லை. நினைவிருந்தாலும் குனிய மனமிருப்பதில்லை. மண்ணில் புதைத்திருந்தால் சில ஆண்டுகளிலாவது மட்கியிருக்கும். பையில் கட்டி விட்டதோ பிளாஸ்டிக்குக்குள் அப்படியே கிடக்கிறது. அரைகுறையாகப் பின்பற்றப்படும் நல்ல விதி, விதியே இல்லாத நிலையைவிட மோசமான விளைவைத் தரக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

கொலராடோ மாநிலத்தில் ஆஸ்பென் நகருக்கு அருகிலுள்ள கொனன்ட்ரம் வெந்நீர் ஊற்றில் நெரிசல் வேறு வகையானது. 3,400 மீட்டர் உயரத்தில், 13 கிலோமீட்டருக்கும் மேல் நடந்தால் மட்டுமே அடையக்கூடிய அந்த ஊற்றில் படுத்துக்கொண்டே சிகரங்களைப் பார்க்கலாம் என்ற செய்தி பரவப் பரவ, வார இறுதிகளில் அது திருவிழாக் கூட்டத்தைக் கண்டது. சுற்றியுள்ள மரங்களுக்கிடையே மூடப்படாத மலமும் தாளும், விட்டுச்சென்ற உணவும் துணிமணிகளும் பெருகின. உணவின் வாடைக்குக் கரடி வரும். மனித உணவுக்குப் பழகிய கரடியைக் கடைசியில் சுட்டுக்கொல்ல நேரும். 2018 முதல் அங்கு இரவு தங்க முன்பதிவு அனுமதி கட்டாயமானது. ஓரிடம் பெயர்பெறும் வேகம் சமூக ஊடகங்களால் கூடியிருப்பதும் உண்மையே. வயோமிங் மாநிலத்தின் ஜாக்சன் ஹோல் சுற்றுலா அமைப்பு, படங்களில் துல்லியமான இடத்தைக் குறிக்க வேண்டாம் என்று 2018இல் பயணிகளிடம் கேட்டுக்கொண்டது. ஆனாலும் எல்லாப் பழியையும் கைப்பேசியின் மேல் போடுவது சோம்பேறித்தனம். விட்னியில் சமூக ஊடகங்கள் பரவுவதற்கு முன்பே கழிப்பறைகள் நிரம்பி வழிந்தன.

கனடா எல்லையையொட்டி மினசோட்டா மாநிலத்தில் உள்ள பவுண்டரி வாட்டர்ஸ் ஏரிக்காடு இன்னொரு வழியைக் காட்டுகிறது. 2,000க்கும் மேற்பட்ட குறிக்கப்பட்ட முகாமிடங்கள் ஒவ்வொன்றிலும் ஓர் அடுப்புக் கம்பித்தட்டும், சற்றுத் தள்ளிச் சுவரும் கூரையுமில்லாத குழிக் கழிப்பறை ஒன்றும் உண்டு. ஒரு குழுவில் 9 பேருக்கு மேல் கூடாது. உணவோ பானமோ அடைத்த தகர டப்பாக்களையும் கண்ணாடிப் பாட்டில்களையும் உள்ளே கொண்டுபோகவே தடை இருக்கிறது. வெளியே கொண்டுவரும்படி கெஞ்சுவதைவிட உள்ளே விடாமலிருப்பது எளிது என்ற இந்தத் தர்க்கம் நன்றாகவே பலன் தந்திருக்கிறது. குழிக்குள் ஈரத்துடைப்பான்களையும் உணவுப் பொட்டலங்களையும் போடுவோரைத்தான் இன்னும் தடுக்க முடியவில்லை. மட்காத குப்பை விழுந்தால் குழி சீக்கிரம் நிறைகிறது. அடுத்த குழியை வனக்காவலர் கையாலேயே தோண்ட வேண்டும்.

பணத்தைப் பிணையாக வைப்பது மற்றொரு முறை. எவரெஸ்டில் ஒவ்வொரு குழுவும் 4,000 டாலர் முன்பணம் கட்டி, ஒவ்வொருவரும் 8 கிலோ குப்பையை இறக்கினால் அதைத் திரும்பப் பெறலாம் என்று நேபாளம் 2014இல் விதித்தது. பெரும்பாலோர் பணத்தைத் திரும்பப் பெற்றார்கள். எவரெஸ்டின் உயர்முகாம்களில் குப்பை குறையவில்லை. எடைதான் கேட்கப்பட்டதே தவிர எங்கிருந்து எடுத்தது என்று கேட்கப்படவில்லை என்பதால், எளிதில் கிடைத்த கீழ்முகாம்களின் குப்பையை இறக்கியே கணக்கை முடித்துவிட முடிந்தது. உயர்நீதிமன்ற உத்தரவையடுத்து 2022இல் நீலகிரியில் தொடங்கிய மதுப்பாட்டில் திரும்பப் பெறும் திட்டத்தோடு இதை ஒப்பிடலாம். அங்கே ஒவ்வொரு பாட்டிலின் மேலும் 10 ரூபாய் ஏற்றப்பட்டு, அதே பாட்டிலைக் கொடுத்தால்தான் பணம் திரும்பியது. பெரும்பாலான பாட்டில்கள் திரும்பின. பிணை ஆளின்மேல் இல்லாமல் பொருளின்மேல் இருந்தால்தான் பொருள் நகரும். 2024 முதல் எவரெஸ்டுக்கும் மலப்பை கட்டாயமாகிவிட்டது.

இந்த வகையில் மிகக் கவனமாக வகுக்கப்பட்ட ஏற்பாடு அலாஸ்காவின் 6,190 மீட்டர் உயரமுள்ள டெனாலியில் இருக்கிறது. அதன் மேற்கு முகட்டு வழியில் முதல் ஏற்றம் நடந்த 1951 முதல், ஏறுவோர் தங்கள் மலத்தைப் பனியாற்றின் பிளவுகளில் எறிந்தார்கள். ஆழத்தில் அது நசுங்கி அழிந்துவிடும் என்பதே நம்பிக்கை. 1951க்கும் 2012க்கும் இடையில் கஹில்ட்னா பனியாற்றில் இப்படிச் சேர்ந்தது 69 முதல் 97 டன் வரை இருக்கும் என்று பனியாற்று ஆய்வாளர் மைக்கேல் லோசோ கணக்கிட்டார். பனிக்குள் கிருமிகள் சாகவில்லை என்பதையும், பனியாறு நகர நகரப் புதைத்தவை கீழ்ப்பகுதியில் மீண்டும் மேற்பரப்புக்கு வரும் என்பதையும் அவர் காட்டினார். இப்போது ஏறுவோருக்கு ஏறத்தாழ 7 லிட்டர் கொள்ளும், திருகுமூடியிட்ட பிளாஸ்டிக் கலன்கள் வழங்கப்படுகின்றன. 2018இல் இறுக்கப்பட்ட விதிப்படி, 4,330 மீட்டர் முகாமுக்குக் கீழே கழிப்பதனைத்தும் பனியாற்றிலிருந்து கலனோடு வெளியேற வேண்டும். அதற்கு மேலே கழித்ததை மட்டும் அந்த முகாமிலுள்ள குறித்த ஒரு பிளவில் போடலாம். கலனை எந்த நிலையத்தில் பெற்றார்களோ அங்கேயே திருப்பி ஒப்படைக்கவும் வேண்டும்.