முறை வைத்துப் பேசும் வைஃபை

வைஃபை கோடுகள் முழுசாகத் தெரிகின்றன. வீட்டில் 100 எம்பிபிஎஸ் இணைப்பு. செல்போனில் நல்ல தரத்தில் படம் பார்க்க 5 எம்பிபிஎஸ் போதும். இருந்தும் சில இரவுகளில் திரையில் வட்டம் சுற்றுகிறது. ஏன்? ரவுட்டருக்கும் போனுக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாத ஒரு வரிசை நகர்ந்துகொண்டிருக்கிறது.

ஒரு வைஃபை தடத்தில், அதாவது சேனலில், பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். யார் முறை என்று பெரும்பாலும் யாரும் அறிவிப்பதில்லை. கருவிகளே காதுகொடுத்துக் கேட்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 34 மைக்ரோநொடி (நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு) அமைதி நிலவ வேண்டும். பிறகு கருவி 0 முதல் 15 வரை ஏதோ ஓர் எண்ணைக் குருட்டாம்போக்கில் எடுத்து, 9 மைக்ரோநொடிக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வரும். இடையில் வேறு கருவி பேசினால் எண்ணிக்கை அப்படியே நிற்கும். பூஜ்யத்தைத் தொட்டதும் பேசத் தொடங்கும்.

இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் பூஜ்யத்தைத் தொட்டால் மோதல்தான். பேசுகிற கருவிக்குத் தன் குரலே காதை அடைத்துவிடுவதால் மோதியது தெரியாது. ஆகவே ஒவ்வொரு முறையும் பேசி முடித்ததும், ‘கிடைத்தது’ என்ற பதிலுக்குக் காத்திருக்கும். பதில் வராவிட்டால் அடுத்த எண்ணை 0–31-க்குள் எடுக்கும், பிறகு 0–63-க்குள். நெரிசல் கூடக் கூடப் பொறுமையும் கூடுகிறது.

மெதுவாகப் பேசுபவரால்தான் இந்த வரிசைக்குத் தலைவலி. 12,000 பிட் கொண்ட ஒரு தகவல் பொட்டலத்தை 54 எம்பிபிஎஸ் வேகத்தில் அனுப்ப ஏறக்குறைய 222 மைக்ரோநொடி ஆகும். கடைசி அறையில் சிக்னல் மங்கி, 6 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிய போனுக்கு அதே பொட்டலம் போய்ச்சேர 2,000 மைக்ரோநொடி. ஒரே ஒரு போன் ஒன்பது மடங்கு நேரத்தை எடுத்துக்கொள்ள, ரவுட்டர் பக்கத்திலேயே இருக்கும் போனும் காத்துக்கிடக்கிறது.

சுவர், பீரோ, கண்ணாடி எல்லாவற்றிலும் பட்டுத் தெறிக்கும் எதிரொலிகள் இன்னொரு தொல்லை. ஒரே செய்தி பல வழிகளில், சற்று முன்பின்னாக வந்து குழம்பும். 1999-இல் தரப்படுத்தப்பட்ட 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இதற்கு அழகான வழி கண்டது. தகவலை 48 மெல்லிய ஓடைகளாகப் பிரித்து, தனித்தனி அதிர்வெண்களில் ஒரே சமயத்தில் அனுப்பியது. ஓடை ஒவ்வொன்றும் நிதானமாக, ஒரு குறிக்கு 4 மைக்ரோநொடி எடுத்துக்கொள்ளும். பெறும் கருவி அதில் முதல் 0.8 மைக்ரோநொடியைக் கண்டுகொள்ளாது. அதற்குள் ரேடியோ அலை 240 மீட்டர் ஓடிவிடும். வீட்டின் எதிரொலிகள் எல்லாம் வந்து அடங்கிவிடும்.

எதிரொலியை வெல்லும் வேலையில் முன்நின்றவர்களில் ஒருவர் ஜான் ஓ’சல்லிவன். 1970-களில் அவர் தேடியது, வெடித்து மறையும் சிறு கருந்துளைகளின் ரேடியோ துடிப்புகளை. அவை அகப்படவில்லை. ஆனால் கலந்து வரும் அலையைத் தனித்தனி அதிர்வெண்களாகப் பிரிக்கும் ‘ஃபூரியர் உருமாற்றம்’ என்ற கணக்கு அவருக்குக் கைவசமானது. ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ நிறுவனத்தில் அவர் குழு அதைக் கட்டடங்களுக்குள் பயன்படுத்தி, 1996-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது.

இத்தனை காத்திருப்புக்கு நடுவிலும் படம் தடைபடாமல் ஓடக் காரணம், போனில் இருக்கும் ‘பஃபர்’ என்ற சேமிப்பு. குழாயில் தண்ணீர் விட்டுவிட்டு வந்தாலும் மாடித் தொட்டி நிறைந்திருந்தால் கீழே சீராக விழும் அல்லவா? வீடியோ சில நொடித் துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொன்றும் பல தரங்களில் தயாராக இருக்கும். தொட்டியில் மட்டம் இறங்கினால் போனே அடுத்த துண்டைக் குறைந்த தரத்தில் கேட்டு வாங்கும். முகங்கள் திடீரென மங்கித் தெளிவது அதனால்தான்.

இனி ரவுட்டரை எங்கே வைப்பது? டிவிக்குப் பின்னாலோ பீரோவுக்குள்ளோ வேண்டாம். வீட்டின் நடுவே, உயரத்தில் வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரை நன்றாகவே தாண்டும். ஆனால் அதில் ஒன்றோடொன்று உரசாத தடங்களாக வழக்கத்தில் இருப்பவை 1, 6, 11 மூன்றுதான். அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுப் படமும் உங்கள் வரிசையில்தான் நிற்கும். தடங்கள் அதிகமுள்ள 5 கிகாஹெர்ட்ஸ், ரவுட்டர் இருக்கும் அறையிலும் அடுத்த அறையிலும் படம் பார்க்க ஏற்றது. இடம்விட்டு நகராத டிவியையும் கணினியையும் கேபிளில் மாட்டிவிடுங்கள். அவை வரிசையைவிட்டு விலகினால், கையிலிருக்கும் போனுக்கு முறை சீக்கிரம் வரும்.