தாத்தாவோட ட்ரக், பேரனோட வி8

போன எபிசோட்ல பழைய கோடை உடையாம புது சர்வருக்கு எப்படி மாத்துறதுன்னு பேசினோம். இன்னைக்கும் கிட்டத்தட்ட அதே கதைதான். ஆனா கையில கிரீஸ் ஒட்டும்.

போன வருஷம் ஆபீஸ் வேலையா டெக்சாஸ் போயிருந்தேன். எங்க டீம்ல ஒருத்தர், சனிக்கிழமை தன் வீட்டு ஷெட்டுக்குக் கூட்டிட்டுப் போனார். உள்ளே அவங்க தாத்தா பண்ணையில வைக்கோல் ஏத்தின ட்ரக், 1950 மாடல் செவ்ரோலே 3100. பானட்டைத் திறந்தா, உள்ள இருக்கிறது 5.3 லிட்டர் வி8.

இதுக்கு அங்க 'எல்எஸ் ஸ்வாப்'னு பேர். 1997 கார்வெட்ல 345 குதிரைத்திறனோட வந்த எல்எஸ்1 இன்ஜின்தான் இந்தக் குடும்பத்துக்கு மூத்தது. 1999-லிருந்து அதே டிசைன் சில்வராடோ பிக்கப்கள்லயும் வந்துச்சு. அதனால அந்த ஊர் காயலான் கடைகள்ல இது கொட்டிக் கிடக்கும். இன்னொரு காரணம் அளவு. இப்ப வர்ற பல இன்ஜின்கள்ல கேம்ஷாஃப்ட் மேல, ஹெட்ல உட்கார்ந்திருக்கும். இதுல பிளாக்குக்குள்ளயே ஒரே ஒரு கேம்ஷாஃப்ட்தான். 'பழைய டெக்னாலஜி'ன்னு கிண்டல் பண்றவங்க உண்டு. ஆனா இன்ஜின் குட்டையா, ஒடுக்கமா இருக்கிறதுக்குக் காரணமே அதுதான்.

சரி, பழசைக் கழட்டிட்டுப் புதுசை வெச்சா முடிஞ்சுதா? நானும் அப்படித்தான் நெனச்சேன்.

பழைய ட்ரக்ல கரண்ட் 6 வோல்ட். புது இன்ஜினோட கம்ப்யூட்டருக்கு 12 வோல்ட் வேணும். பழைய பெட்ரோல் பம்ப் தர்ற அழுத்தம் 5 பிஎஸ்ஐ பக்கம். ஃபியூல் இன்ஜெக்‌ஷனுக்கு 58 வேணும். பெட்ரோல் டேங்க் எங்க இருக்கு தெரியுமா? டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி, கேபினுக்குள்ளயே! அதைத் தூக்கிப் பின்பக்கம், தொட்டிக்கு அடியில மாட்டினார். டிரைவ் ஷாஃப்ட் ஒரு மூடின குழாய்க்குள்ள ஓடும், அது புது கியர்பாக்ஸோட சேராது. ஆக, பின் ஆக்ஸிலும் மாறணும்.

எனக்குப் பிடிச்சது கம்ப்யூட்டர் பிரச்சினைதான். முதல் தடவை சாவி போட்டதும் இன்ஜின் ஸ்டார்ட் ஆகி, ரெண்டே செகண்ட்ல நின்னுடுச்சாம். ஒயரிங் எல்லாம் சரி. விஷயம் என்னன்னா, அந்த இன்ஜின் கம்ப்யூட்டர், தான் முன்ன இருந்த வண்டியோட திருட்டுத் தடுப்பு யூனிட்கிட்ட அனுமதி கேட்டுட்டிருக்கு. பதில் சொல்ல அந்த வண்டியே இப்ப இல்ல. லேப்டாப்பை மாட்டி, அந்தச் செக்கையே ஆஃப் பண்ணியிருக்கார். செத்துப்போன சர்வர்கிட்ட டோக்கன் கேட்கிற கோடை நாம எத்தனை தடவை பார்த்திருக்கோம்!

ஆனா உயிர் சம்பந்தப்பட்டது பிரேக். பழைய இன்ஜின் சுமார் 90 குதிரைத்திறன். புதுசு, வருஷத்தைப் பொறுத்து 270-லிருந்து 295. நாலு சக்கரத்துலயும் இருந்த டிரம் பிரேக், மணிக்கு 80 கிலோமீட்டர்ல நிதானமா போற வண்டிக்குப் போட்டது. இப்ப அதே வண்டி 112-ல போகுது. வேகம் 1.4 மடங்குதான், ஆனா பிரேக் கரைக்க வேண்டிய ஆற்றல் ரெண்டு மடங்கு, ஏன்னா அது வேகத்தோட வர்க்கத்துல ஏறும். போதாததுக்குப் பழைய மாஸ்டர் சிலிண்டர்ல ஒரே அறை. எங்கயாவது ஒரு குழாய் கசிஞ்சா, நாலு சக்கரத்துக்கும் பிரேக் போச்சு.

இதெல்லாம் அவருக்குத் தெரியும். தெரிஞ்சும், இன்ஜின் ஓட ஆரம்பிச்ச ஆர்வத்துல, பழைய பிரேக்கோடவே ஒரு ரவுண்ட் போயிருக்கார். சிக்னல்ல மிதிச்சா நிக்கல. சந்திப்புல பாதி தூரம் தாண்டித்தான் நின்னிருக்கு. குறுக்க யாரும் வரல. அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கல. அப்புறம் நாலு மாசம் வண்டியைத் தொடலயாம். டிஸ்க் பிரேக், ரெண்டு அறை மாஸ்டர் சிலிண்டர், புது ஸ்டீரிங் எல்லாம் போட்டுட்டுத்தான் மறுபடி எடுத்திருக்கார். உங்க நண்பர்கள் யாராவது இன்ஜின் மாத்தப் போறேன்னு சொன்னா, பிரேக்குக்கு என்ன பண்ணேன்னு முதல்ல கேளுங்க. எத்தனை குதிரைன்னு அப்புறம் கேட்டுக்கலாம்.

டாஷ்போர்டை மட்டும் அவர் மாத்தல. பழைய ஆயில் பிரஷர் மீட்டர் 30-க்கு மேல போகாது. புது இன்ஜின் ரோட்ல ஓடும்போது அதைச் சுலபமா தாண்டிடும். அதனால புது மீட்டர் ஒண்ணு கீழ, கண்ணுக்குப் படாத இடத்துல இருக்கு. தாத்தா பார்த்த மீட்டர் அதே இடத்துல, எதோடயும் சேராம, முள்ளு பூஜ்யத்துல நிக்குது.