சிறுநீரக பயாப்சி: மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறலாமா?

சிறுநீரில் புரதம் தொடர்ந்து வெளியேறுகிறது. ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் காரணத்தைக் காட்டவில்லை. அப்போது மருத்துவர்கள் பயாப்சி செய்யச் சொல்கிறார்கள். முதுகுப் பக்கமாக ஊசி செலுத்தி, சிறுநீரகத்திலிருந்து மெல்லிய திசுத் துண்டை எடுத்து நுண்ணோக்கியில் ஆராயும் பரிசோதனை இது. கோபன்ஹேகனில் ஐவர்சனும் புருனும் 1951-இல் இந்த முறையை வெளியிட்டார்கள். 1954-இல் சிகாகோவின் கார்க், மியூர்கி இருவரும் நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, திசுவை வெட்டி எடுக்கும் ஊசியால் இதை நம்பகமானதாக்கினார்கள். பின்னர் அல்ட்ராசவுண்டும் தானியங்கி ஊசியும் துணைக்கு வந்தன. இவ்வளவு பழகிய பரிசோதனை எங்கும் ஒரே மாதிரி நடக்கும் என்றுதான் நோயாளி நம்புவார். ஆனால் அப்படி நடப்பதில்லை. நோயாளியின் உடல்நிலைக்கு ஏற்ப முறை மாறுவது அவசியம். மருத்துவமனையின் பழக்கத்தால் மட்டும் மாறுவது கேள்விக்குரியது. இரண்டையும் பிரித்தறிய, ஒவ்வொரு மருத்துவமனையும் தன் பயாப்சிகளின் விளைவுகளை எண்ணிப் பதிவு செய்வதைத் தவிர வேறு வழி இல்லை.

ஊசியைச் செலுத்துபவர் ஓரிடத்தில் சிறுநீரக மருத்துவர், இன்னோரிடத்தில் ரேடியாலஜிஸ்ட். ஊசியின் தடிமன், ஆஸ்பிரினை எத்தனை நாள் முன்பு நிறுத்துவது, பிறகு எவ்வளவு நேரம் கண்காணிப்பது என எல்லாமே மாறுகின்றன. இவற்றில் சிலவற்றுக்குச் சான்று உண்டு. 9,474 பயாப்சிகளைத் தொகுத்த 2012-ஆம் ஆண்டு ஆய்வில், தடித்த 14 கேஜ் ஊசி பயன்பட்ட இடங்களில் 2.1 சதவீதம் பேருக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. மெல்லிய ஊசிகளில் அது 0.5 சதவீதம்தான். சிகாகோவில் 750 பயாப்சிகளை ஆராய்ந்து 2004-இல் வெளியான கட்டுரை, எட்டு மணி நேரத்தில் நோயாளியை வீட்டுக்கு அனுப்பினால் சிக்கல்களில் மூன்றில் ஒரு பங்கு கண்ணில் படாமல் போகும் என்று எச்சரித்தது. வேறு சிலவற்றில் சான்று பாதி வழிதான் வருகிறது. டெஸ்மோபிரெசின் என்ற மருந்தை முன்கூட்டியே கொடுத்தால் சிறுநீரகத்தைச் சுற்றி ரத்தம் தேங்குவது குறைகிறது என இத்தாலியில் 162 பேரிடம் நடந்த சோதனை 2011-இல் காட்டியது. ஆனால் அவர்களின் சிறுநீரகங்கள் ஓரளவு நன்றாக இயங்கின. ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருந்தது. ஆபத்து கூடிய நோயாளிக்கும் அதே பலன் கிடைக்கும் என்று அந்த முடிவை அப்படியே நீட்டிவிட முடியாது. இத்தகைய இடைவெளிகளைத்தான் பழக்கம் நிரப்புகிறது.

ரத்தக்கசிவு மட்டும் அளவுகோல் ஆகாது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சிறுநீரகத்துக்குப் பொருந்தாது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய பத்து லட்சம் நுண்வடிகட்டிகள் உண்டு. சில நோய்கள் அவற்றில் இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் தாக்கும். பத்தில் ஒன்று மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால், பத்து வடிகட்டிகள் கொண்ட மாதிரியில் நோய் முற்றிலும் தவறிப்போகும் வாய்ப்பு 35 சதவீதம். இருபது கிடைத்தால் அது 12 சதவீதமாகக் குறைகிறது. மெல்லிய ஊசி பாதுகாப்பானது என்று நிறுத்திக்கொண்டால், போதாத திசுவால் நோயாளி மறுபடியும் குத்துப்பட நேரலாம். அதனால் பாதுகாப்பையும் மாதிரியின் போதுமான அளவையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

எண்ணினால் என்ன தெரியவரும் என்பதற்கு நார்வே நல்ல சான்று. அந்நாட்டின் சிறுநீரக பயாப்சிப் பதிவேட்டில் 1988 முதல் 2010 வரை சேர்ந்த 9,288 பயாப்சிகளை ஆராய்ந்தபோது, 0.9 சதவீதம் பேருக்கு ரத்தம் ஏற்ற நேர்ந்தது தெரிந்தது. வயது, சிறுநீரகச் செயல்பாட்டுக் குறைவு போன்றவற்றோடு, சிறிய மையத்தில் செய்துகொள்வதும் பெரிய சிக்கலுடன் தொடர்புடையதாக இருந்தது. பிரான்சில் 52,000-க்கும் மேற்பட்டவர்களின் மருத்துவமனைப் பதிவுகளைத் திரட்டி 2020-இல் வெளியான ஆய்வோ, எட்டு நாட்களுக்குள் 5 சதவீதம் பேருக்குப் பெரிய ரத்தக்கசிவு நேர்ந்ததாகச் சொன்னது. நோயாளிகள் வேறு, எண்ணிய முறை வேறு. அதனால் பிரெஞ்சு மருத்துவர்கள் திறமை குறைந்தவர்கள் என்று இதற்குப் பொருளாகாது. பொதுவான வரையறை இல்லாத எண்களை ஒப்பிட முடியாது என்பதே இதன் பாடம்.

எண்ணத் தொடங்கினால், கணக்கு கெட்டுவிடுமே என்று மருத்துவமனைகள் ஆபத்தான நோயாளிகளைத் தவிர்க்கும் என்பது நியாயமான அச்சம்தான். அதற்கு மருந்து எண்ணாமல் இருப்பதல்ல. ரத்தசோகை, ரத்த அழுத்தம், சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றையும் கணக்கில் எடுத்து ஒப்பிடுவதும், பயாப்சி மறுக்கப்பட்டவர்களையும் பதிவதும்தான். சிறிய மருத்துவமனைகள் நசுங்கிவிடும் என்பது இன்னொரு ஆட்சேபம். தொலைவில் இருப்பவர்களுக்கு அருகிலுள்ள மருத்துவமனை மூடப்படுவது பெரிய இழப்பு. ஆனால் சிறிய மையத்துக்கு உண்மையில் எங்கே உதவி தேவை, பயிற்சியிலா, கண்காணிப்பு நேரத்திலா, கடினமான நோயாளிகளைப் பெரிய மையத்துக்கு அனுப்புவதிலா என்பதையும் அந்தக் கணக்குதான் காட்டும். அனுபவமுள்ள மருத்துவரின் முடிவில் விதிகள் தலையிடக் கூடாது என்பாரும் உண்டு. பதிவேடு யார் கையையும் கட்டுவதில்லை. அனுபவம் உண்மையிலேயே பலன் தருகிறதா என்பதை அந்த மருத்துவருக்கே காட்டுகிறது.

உலகெங்கும் 1,18,000 பயாப்சிகளைத் தொகுத்த ஆய்வில் இறப்பு விகிதம் 0.06 சதவீதம்தான். எனவே பயந்து ஒதுங்க வேண்டிய பரிசோதனை அல்ல இது. நம் மருத்துவமனைகள் ஆண்டுதோறும் நான்கு எண்களை வெளியிட்டால் போதும்: எத்தனை பயாப்சிகள், எத்தனையில் போதிய திசு கிடைத்தது, எத்தனை பேருக்கு ரத்தம் ஏற்றப்பட்டது, எத்தனை பேருக்கு மறுபடி செய்ய நேர்ந்தது. சம்மதப் படிவத்தில் கையெழுத்திடும் நோயாளிக்கு, நூல்களில் உள்ள சராசரியைவிடத் தான் படுக்கப்போகும் மருத்துவமனையின் கணக்கைத் தெரிந்துகொள்ளும் உரிமையே முதன்மையானது.