பூட்டு எங்கே? சாவி யாரிடம்?

‘அரட்டை’ என்னும் சொல்லுக்கு நம் வீடுகளில் இதுவரை நற்பெயர் இருந்ததில்லை. படிக்க வேண்டிய பிள்ளை திண்ணையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தால், “அங்கே என்ன அரட்டை?” என்று தாயார் அதட்டுவது வழக்கம். அச்சொல்லே 2025 செப்டம்பர் இறுதியில் நாடெங்கும் புகழ்பெற்ற பெயராயிற்று. ‘அரட்டை’ என்னும் கைபேசிச் செயலியில் நாளொன்றுக்கு 3,000 பேர் புதிதாகச் சேர்ந்து வந்த நிலை மாறி, மூன்றே நாள்களில் நாளொன்றுக்கு 3,50,000 பேர் சேரலாயினர் என்று அதன் நிறுவனரே அறிவித்தார். மத்திய அமைச்சர்கள் அதனைப் பரிந்துரைத்தனர். தமிழறியாத வடபுலத்தாரும் அப்பெயரை உச்சரிக்கப் பழகினர்.

தென்காசி வட்டாரத்தவராகிய நமக்கு இதில் தனி மகிழ்ச்சி உண்டு. இச்செயலியை உருவாக்கிய சோகோ நிறுவனம் 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கப்பெற்று, 2009-இல் இப்பெயரை ஏற்றது. 2011-இல் தென்காசிப் பகுதியில் அலுவலகம் திறந்தது. குற்றாலத்துக்கு அண்மையிலுள்ள மத்தளம்பாறையில், மலையடிவாரத்தில், அதன் வளாகம் விளங்குகிறது. அமெரிக்காவில் பல்லாண்டு வாழ்ந்த நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2019-இல் இவ்வூருக்கே குடிவந்தார். 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். கல்லூரிப் படிப்புக்கு வழியில்லாத பிள்ளைகள், பள்ளிப் படிப்பை முடித்த கையோடு அந்நிறுவனத்தின் பயிற்சிப் பள்ளியில் உதவித்தொகையுடன் பயின்று வேலையும் பெறுகின்றனர். சென்னைக்கும் பெங்களூருக்கும் வண்டியேறாமல், மாலையில் வீடு திரும்பிப் பெற்றோருடன் உண்ணும் பிள்ளைகள் நம் ஊர்களில் இருப்பது சிறிய பேறன்று. சாரல் காலத்தில் ஐந்தருவிக்கு வழி கேட்டவர்கள் இன்று மத்தளம்பாறைக்கும் வழி கேட்கின்றனர்!

அந்நாள்களில் குடும்பத் தலைவர் ஒருவர் நம்மிடம் வந்து கேட்டார்: “சாமி, இது நம்ம ஊர்க்காரங்க செஞ்சது. இதிலே பேசினா பயமில்லைதானே?” வினா எளியது. விடையோ சற்று நின்று சிந்திக்கத் தக்கது.

பழைய அஞ்சல் முறையை நினைவுகூர்வோம். அஞ்சலட்டையை அஞ்சல்காரரும் படிக்கலாம். வாசலில் வாங்கும் அண்டை வீட்டாரும் படிக்கலாம். மூடிய கடிதமோ தபால் பையில் இடப்பட்டு, அரக்கு முத்திரையுடன் ஊர்விட்டு ஊர் செல்லும். வழியில் திருடன் அதனைப் பிரிக்க இயலாது. ஆனால் அஞ்சல் நிலையத்துக்குள் பை அவிழ்க்கப்படும்போது, மனம் வைத்தால் அங்குள்ளவர் உறையைப் பிரித்துவிடலாம். இணையத்தில் செல்லும் செய்திகளுக்கும் இவ்வகைக் காவல் நெடுங்காலமாக உண்டு. வழியெங்கும் பூட்டு, நடுவிலுள்ள நிலையத்தில் மட்டும் திறப்பு.

மூன்றாவது வகை ஒன்று உண்டு. எழுதுபவரின் கைபேசியிலேயே செய்தி பூட்டப்பட்டு, பெறுபவரின் கைபேசியில் மட்டுமே திறக்கும். நடுவிலிருக்கும் நிறுவனம் பூட்டிய பெட்டியைச் சுமக்குமேயன்றி, அதனிடம் சாவி இராது. இதனை முனைக்கு முனை மறையாக்கம் என்கின்றனர். முன்பின் சந்தித்திராத இருவர் சாவியை எவ்வாறு பகிர்ந்துகொள்வர்? இப்புதிருக்கு 1976-இல் டிஃபி, ஹெல்மன் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் விடை காட்டினர். இவ்வாறு கற்பனை செய்து பாருங்கள்: நாம் திறந்த பூட்டுகளைச் செய்து ஊரெங்கும் வழங்கிவிடுகிறோம், சாவியை மட்டும் எவரிடமும் கொடுப்பதில்லை. யார் வேண்டுமாயினும் நமக்குரிய பெட்டியை அப்பூட்டால் அழுத்திப் பூட்டி அனுப்பலாம். பூட்டியவர்கூட அதனை மீண்டும் திறக்க முடியாது. உண்மையில் இது பெரும் எண்களைக் கொண்டு செய்யும் கணக்கு, இரும்புப் பூட்டன்று. ஆயினும் கருத்து இதுவே. வாட்ஸ்அப் 2016 முதல் எல்லாருடைய செய்திகளுக்கும் இத்தகைய பூட்டையிட்டுள்ளது.

மக்கள் வெள்ளமெனத் திரண்ட அந்தச் செப்டம்பரில் ‘அரட்டை’யின் நிலை யாது? குரல், காணொலி அழைப்புகளுக்கு இக்காவல் இருந்தது. சாதாரண எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. தனியே ‘இரகசிய உரையாடல்’ என்பதைத் தேர்ந்தாலன்றிக் கிட்டாது. வல்லுநர்கள் இதனைச் சுட்டியபோது, அவ்வசதி வந்துகொண்டிருக்கிறது என்றும், அதனினும் மக்களின் நம்பிக்கையே பெரிது என்றும் நிறுவனர் பதிலளித்தார். 2025 நவம்பரில் இருவருக்கிடையேயான உரையாடல்களுக்கு அப்பூட்டு வழங்கப்பட்டது. சொன்னதைச் செய்தனர், அதனைப் பாராட்டுவோம். ஆனால் நம்பிக்கையைப் பற்றிய அவரது மறுமொழியில் நமக்கு உடன்பாடில்லை. நல்ல பூட்டின் சிறப்பே, அஞ்சல் அதிகாரி நல்லவரா என்று நாம் ஆராய வேண்டாதிருப்பதுதான். இன்றைய உரிமையாளர் நேர்மையாளராக இருக்கலாம். நாளை நிறுவனம் கைமாறலாம், பணியாளர் ஒருவர் பிழை செய்யலாம், கள்வர் புகலாம். சாவி உள்ளே இல்லையெனில் அவர்கள் எடுத்துச் செல்ல ஒன்றுமில்லை.

ஒருவரை ஒரு துறையில் மதிக்கிறோம் என்பதற்காக எல்லாத் துறையிலும் அவர் சொல்லை ஏற்கத் தேவையில்லை. 2025 அக்டோபரில், தடுப்பூசிக்கும் ஆட்டிசம் என்னும் குழந்தை வளர்ச்சிக் குறைபாட்டுக்கும் தொடர்பு உண்டெனக் கூறும் அறிக்கையொன்றை ஸ்ரீதர் வேம்பு பகிர்ந்தார். மருத்துவர்கள் பலர் கடுமையாக மறுத்தனர். இவ்வையத்தை உலகெங்கும் பரப்பிய 1998-ஆம் ஆண்டின் ஆங்கிலேயக் கட்டுரையை, வெளியிட்ட லான்செட் இதழே 2010-இல் திரும்பப் பெற்றுவிட்டது. டென்மார்க்கில் 6,50,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019-இல் வெளியான ஆய்வும், தட்டம்மைத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை எனக் கண்டது. கைக்குழந்தையுடைய தாய்மார்களே, கணினி வல்லுநரிடம் கணினியைக் கேளுங்கள். தடுப்பூசி பற்றி ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரைக் கேளுங்கள்.

இனி அரசின் பக்கம் வருவோம். பிறர் கடிதத்தைப் பிரிக்கும் ஆவல் ஆள்வோருக்குப் புதிதன்று. 1986-இல் அஞ்சல்களைப் பிரித்துப் பார்க்க விரிந்த அதிகாரம் தரும் மசோதா நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறியது. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் அதில் கையொப்பமிடவுமில்லை; திருப்பி அனுப்பவுமில்லை. 1987-இல் பதவிக்காலம் முடியும்வரை மேசையிலேயே கிடத்திவிட்டார்! அது சட்டமாகாமலே போயிற்று. பின்னர், கர்நாடக உயர்நீதிமன்ற முன்னாள் நீதிபதி புட்டசாமி ஆதார் திட்டத்தை எதிர்த்து 2012-இல், தம் முதிர்ந்த வயதில், வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கின் வழியே 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, அந்தரங்கம் அடிப்படை உரிமையே எனத் தீர்ப்பளித்தனர். மறைக்க ஒன்றுமில்லாதவனுக்கு அந்தரங்கம் எதற்கு என்று கேட்போருண்டு. அவர்கள் வீட்டுக் குளியலறைக்கும் கதவு இருக்கிறதே!

எனினும் எதிர்ப்பக்கத்து நியாயத்தை மறைப்பது முறையன்று. 2018 மே மாதம், குழந்தை கடத்துவோர் வந்துள்ளனர் என்ற பொய்ச் செய்தி வாட்ஸ்அப் வழியே தமிழ்நாட்டு ஊர்களில் பரவிற்று. திருவண்ணாமலை மாவட்டத்தில் உறவினருடன் கோயிலுக்கு வந்த மூதாட்டி ஒருவர், வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த குற்றத்துக்காக அடித்தே கொல்லப்பட்டார். அப்பொய்யை முதலில் எழுதிய கை எது? பூட்டிய பெட்டிகளுக்கிடையே அதனைத் தேடுவது எங்ஙனம்? இதனாலேயே அரசு 2021-இல் வெளியிட்ட விதிகளில், ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரை அடையாளம் காட்ட வேண்டுமெனக் கட்டளையிட்டது. வாட்ஸ்அப் நிறுவனம் டெல்லி உயர்நீதிமன்றத்தை நாடியது. பூட்டை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டே வெளியேறுவோம் என்று 2024 ஏப்ரலில் வாதிட்டது. ஒருவரைக் கண்டுபிடிக்க எல்லார் செய்தியிலும் அடையாளம் பொறிக்க வேண்டியிருக்கும் என்பது அவர்கள் கூறும் இடர்ப்பாடு. அதில் வலுவுண்டு என்றே நாம் கருதுகிறோம். அம்மூதாட்டியை அடித்தவர்கள் மறைந்திருந்து அடிக்கவில்லை. தெருவில், பகலில், பலர் காண அடித்தனர். வந்த செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் பகிர்ந்தனுப்ப இயலாதவாறு 2018 ஜூலையில் இந்தியாவில் வாட்ஸ்அப் வைத்த தடை, பூட்டைத் தொடாமலே பரவலைக் குறைக்கும் வழி. அத்தகைய வழிகளை இன்னும் தேடலாம்.

வாட்ஸ்அப்பைப் புகழ்வதற்காக இவற்றை எழுதினோம் என எண்ண வேண்டா. பெட்டி பூட்டியிருந்தாலும் உறையின் மேல் முகவரி தெரிகிறதன்றோ? யார் யாருடன், எந்நேரத்தில், எத்தனை முறை பேசினார் என்பது நிறுவனத்துக்குப் புலப்படும். ஒருவர் புற்றுநோய் மருத்துவமனைக்கும், பின்னர் வட்டிக்கடைக்கும், பின்னர் நிலத்தரகருக்கும் பேசினாரெனில், பேச்சைக் கேளாமலே கதை விளங்கிவிடும். இவ்விவரங்களைத் தாய்நிறுவனமான மெட்டாவுடன் பகிர்வதற்கு இசையுமாறு 2021-இல் பயனர்களை வற்புறுத்தியதற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

எத்தகைய பூட்டும் உதவாத இடமொன்றுண்டு. காவல் அதிகாரி போல் உடையணிந்தவன் காணொலியில் தோன்றி, “உங்கள் பெயரில் போதைப்பொருள் வந்துள்ளது, நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள்” என்று மிரட்டினால், கதவைத் திறந்துவிடுபவர் நாமே. இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று கிடையாது. ஓய்வூதியம் பெறும் முதியவர்கள் இதனை எழுதி வைத்துக்கொள்க. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். விரைந்து அழைத்தால் பணம் கைமாறுமுன் தடுக்க வாய்ப்புண்டு.

பிள்ளைகளைப் பற்றி ஒன்று. 2023-இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் இசைவை வேண்டுகிறது. 2025 நவம்பரில் விதிகள் வெளியானபோது, நிறுவனங்கள் ஆயத்தமாக 18 மாத அவகாசம் தரப்பட்டது. அரசுத் துறைகளுக்கு இச்சட்டம் அளிக்கும் விலக்குகள் மிகத் தாராளம் என்பது வேறு குறை. வீட்டார் தமக்குள் செய்யும் பகிர்வை இச்சட்டம் தொடுவதில்லை. ஆனால் 300 பேர் கொண்ட பங்குக் குழு ஒரு வீடாகுமா? புதுநன்மை வாங்கும் குழந்தையின் படம், முழுப்பெயர், பள்ளி, பிறந்த நாள் ஆகிய அனைத்தும் அங்கே ஒரே பதிவில் இடப்படுகின்றன. இவ்வாண்டு அப்படங்களைக் குழுவில் இடாமல் அச்சிட்டு வீடுதோறும் கொடுப்போம் என்று பங்குப் பேரவையில் கூறினோம். மாதாக் கோவில் தெருவைச் சேர்ந்த அம்மையார் ஒருவர் எழுந்து, “அப்போ துபாய்ல இருக்குற அவங்க அப்பா எப்படிச் சாமி பார்ப்பாரு?” என்று கேட்டார். அந்தந்தக் குடும்பத்தார் தத்தம் படத்தைத் தாமே அவருக்குத் தனியே அனுப்பலாம் என்று விடையளித்தோம். அடுத்த கூட்டத்தில் மீண்டும் பேசுவதாக ஒத்திவைக்கப்பட்டுள்ளது.