பார்த்தவுடன் பாட ஐந்து சுரம்

முன்பின் கேட்டிராத மெட்டை, நொட்டேஷனைப் பார்த்த மாத்திரத்தில் பாடப் பழகுகிறவர்கள் இரண்டு இடங்களில் தடுமாறுவார்கள்: அரைச்சுரம் வரும் இடம், சுரங்களைத் தாண்டிப் போகும் இடம். மேற்கத்திய மேஜர் வரிசையில் நான்காவதையும் ஏழாவதையும் விட்டுவிட்டால் டோ, ரே, மி, ஸோ, லா மிஞ்சும். நம் மோகனத்தின் ச, ரி, க, ப, த இவைதான். இவற்றுக்குள் அரைச்சுர இடைவெளியே கிடையாது. முதல் தொல்லை தீர்ந்தது. தாண்டல்களுக்குத் துணை, காதில் ஊறிய பாட்டு.

ஹங்கேரியில் இசையமைப்பாளர் ஸோல்டான் கோடாய் குழந்தைகளை இந்த ஐந்தில்தான் தொடங்கச் சொன்னார். முதலில் ஸோ–மி, பிறகு லா, அப்புறம் டோ, ரே. அவருக்குக் கைகொடுத்தவை அந்நாட்டு நாட்டுப்பாடல்கள். இன்று மாணவர்கள் முணுமுணுக்கும் எந்தப் பாட்டும் அந்த வேலையைச் செய்யும்.

டெம்ப்டேஷன்ஸ் குழுவின் 'மை கேர்ள்' (1964) பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் கிட்டார் ஏறுவது டோ ரே மி ஸோ லா டோ. முதலில் அதை வாயால் முனகவிடுங்கள். பிறகு சுரப்பெயர் சொல்லிப் பாடட்டும். அதற்கப்புறம் ஐந்து கோட்டில் எழுதிக் காட்டுங்கள். டோ கோட்டில் நின்றால் மி அடுத்த கோட்டில், ஸோ அதற்கும் அடுத்த கோட்டில் நிற்கும். ரேயும் லாவும் இடைவெளிகளில். சற்றுப் பொறுத்து கிட்டார் இதே வரிசையை நான்காம் சுரத்திலிருந்து வாசிக்கும். இப்போது அந்தச் சுரத்தையே டோவாகக் கொண்டால் டோ, மி, ஸோ மூன்றும் இடைவெளிக்கு வந்துவிடும்; பெயர்கள் மாறாது. கட்டை மாறினாலும் ச என்பது ச தானே, நம்மவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

கீழ் ஸோவிலிருந்து டோவுக்குத் தாவ 'அமேஸிங் கிரேஸ்' பாட்டின் முதல் இரண்டு சுரங்களே போதும்.

ஆனால் இத்தோடு நிறுத்தினால் மாணவர் படிக்கவில்லை, மனப்பாடத்தை ஒப்பிக்கிறார். பழகிய துண்டுகளைக் கலைத்து, 'மை கேர்ள்' ஏற்றத்தின் பாதியோடு 'அமேஸிங் கிரேஸ்' தாவலைச் சேர்த்து, அவர் கேட்டிராத நான்கு தாள அளவுகளை எழுதிக் கொடுக்க வேண்டும். பாடம் உண்மையில் அங்கேதான் நடக்கிறது. பல ஆசிரியர்கள் அவசரத்தில் விட்டுவிடுவதும் அதைத்தான்.

மோகனத்தில் அமைந்த சினிமாப் பாட்டுகளும் உதவும். கமகம் குழையும் வரிகளைத் தவிர்த்து, சுரம் நேராக நிற்கும் பல்லவியாகத் தேர்ந்தெடுங்கள். ஐந்து கோடு கமகத்தைக் காட்டாது. விட்டுவைத்த இரண்டு சுரங்களை, இந்த ஐந்திலும் கலைத்துப் போட்ட வரிகள் தடங்கலின்றி வந்த பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம்.