காடும் கணக்கும் – 9: மாடு தானே நடந்து வரும்

அமேசான் காட்டு ஊரான ஷாபுரியில் ரப்பர் பால்வெட்டுக்காரர் விடிவதற்கு முன்பே வீட்டை விட்டு இறங்கிவிடுவார். நம் குலசேகரத்துப் பால்வெட்டுக்காரரும் அந்த நேரத்துக்குத்தான் கிளம்புகிறார். பட்டையில் சாய்வாகக் கீறும் கோடும், அதன் கீழே பால் சொட்டும் கிண்ணமும் இரண்டு ஊரிலும் ஒன்றுதான். வித்தியாசம் நடையில். குலசேகரத்தில் அடுத்த மரம் நாலு எட்டில் நிற்கும். ஷாபுரியில் அது காட்டுக்குள் எங்கோ இருக்கும். நூறு, நூற்றைம்பது ரப்பர் மரங்களைத் தொட்டு வளைந்து வரும் ஒற்றையடிப் பாதையை அங்கே ‘எஸ்ட்ராடா’ என்கிறார்கள். வெட்டிக்கொண்டே ஒரு சுற்று, பால் எடுக்க இன்னொரு சுற்று.

மரங்களை நெருக்கமாக நட்டால் என்ன? 1928-ல் ஹென்றி ஃபோர்டு அமேசானின் தபஜோஸ் ஆற்றங்கரையில் நட்டுப் பார்க்கத் தொடங்கினார். இலைக்கருகல் நோய் தோட்டத்தைத் தின்றுவிட்டது. ரப்பருக்கு அமேசான் தாய்வீடு. அந்த நோய்க்கும் அதுவே தாய்வீடு. நோயை விட்டுவிட்டு விதை மட்டும் கப்பலேறியது 1876-ல். ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் கொண்டுபோன சுமார் 70,000 விதைகளில் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தவை இலங்கைக்கும் மலாயாவுக்கும் வந்தன. அங்கே காட்டை அழித்துத் தோட்டம் போட்டார்கள். கங்காணிகள் கூட்டிப்போன நம்மவர்கள் பால் வெட்டினார்கள். அந்த மலிவு ரப்பர் சந்தைக்கு வந்ததும், 1912 வாக்கில் அமேசான் ரப்பர் வியாபாரம் படுத்துவிட்டது. ஷாபுரிக்காரர்களின் வறுமையில், அவர்களுக்கே தெரியாமல், நம் பாட்டன்களின் கத்தியும் இருக்கிறது.

ஷாபுரி இருப்பது பிரேசிலின் மேற்குக் கோடியில், ஆக்ரி மாநிலத்தில். தமிழ்நாட்டைவிடப் பெரிய மாநிலம், ஜனத்தொகையோ 8.3 லட்சம்தான். 1970-களில் தெற்கிலிருந்து வந்த பண்ணைக்காரர்கள் காட்டை வெட்டி எரித்து மேய்ச்சல் நிலமாக்கினார்கள். பால்வெட்டுக்காரர்கள் பெண்டு பிள்ளைகளோடு போய் ரம்பத்துக்கு முன்னால் நின்றார்கள். முன்னால் நின்றவர்களில் ஒருவர் சிக்கோ மெண்டிஸ். 1988 டிசம்பர் 22 மாலை, குளிப்பதற்காகப் பின்கதவைத் திறந்தவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஒரு பண்ணைக்காரரும் அவர் மகனும் தண்டனை பெற்றார்கள். 1990-ல் மெண்டிஸ் பெயரில் சுமார் 9.7 லட்சம் ஹெக்டேர் காப்புக்காடு உருவானது. நிலம் அரசுக்கு; காட்டில் பால் வெட்டவும் பிரேசில் கொட்டை பொறுக்கவும் உரிமை குடும்பங்களுக்கு.

அதன் பிறகு அரசு சும்மா இருந்ததாகச் சொல்ல முடியாது. காட்டு ரப்பருக்கு மாநில மானியம் தரும் சட்டம் 1999-ல் வந்தது. 2008-ல் ஷாபுரியிலேயே காட்டு ரப்பர் பாலில் ஆணுறை செய்யும் ஆலை திறந்தார்கள். வாங்கியது பிரேசில் சுகாதார அமைச்சகம். (குடும்பக் கட்டுப்பாடு காட்டையும் காத்தது என்று யாராவது கேலி செய்யாமலா இருந்திருப்பார்கள்!) காடழிப்பைக் குறைத்தால் குறைந்த கரியமில வாயுவுக்குப் பணம் என்ற ஏற்பாட்டுக்கு 2010-ல் சட்டம், 2012-ல் ஜெர்மனியோடு ஒப்பந்தம். நாடு முழுவதும் செயற்கைக்கோள் கண்காணிப்பும் வங்கிக் கடன் கட்டுப்பாடும் சேர்ந்து, பிரேசில் அமேசானில் 2004-ல் 27,772 சதுர கிலோமீட்டராக இருந்த காடழிப்பு 2012-ல் 4,571-ஆக இறங்கியது. சாதாரண சாதனையா இது?

ஆனால் பால்வெட்டுக்காரர் வீட்டுக் கணக்கு வேறு. குழந்தைக்குக் காய்ச்சல், உடனே டவுனுக்குக் கொண்டுபோக வேண்டும். ரப்பரை விற்கக் கூட்டுறவுக்காரர் வர வேண்டும். பிரேசில் கொட்டையோ மழைக்காலத்தில்தான் விழும். தேங்காய் போன்ற அந்தக் கெட்டி ஓட்டை அரிவாளால் கொத்தித் திறந்து, மூட்டை கட்டி, சேற்றில் சுமக்க வேண்டும். மாட்டுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. என்றைக்கும் விலை போகும். பாதை சேறானாலும் தானே நடந்து சந்தைக்கு வரும். ஏழைக் குடும்பத்துக்கு அதுதான் பாஸ்புக், அதுதான் நகைக்கடன். எனவே கொஞ்சம் காட்டை வெட்டி, நாலு மாடு. பிறகு இன்னும் கொஞ்சம்.

மேய்ச்சல் நிலத்தின் நடுவே பிரேசில் கொட்டை மரம் ஒன்று தனியாக நிற்பதை ஆக்ரி சாலையோரத்தில் பார்க்கலாம். அதை வெட்டச் சட்டம் விடாது. மகரந்தம் சேர்க்கும் காட்டுத் தேனீக்கள் போய்விட்டதால் அது சரியாகக் காய்ப்பதும் இல்லை.

கரியமில வாயுவைக் குறைத்ததற்கான பணம் டன் கணக்கில் அளந்து, தணிக்கை முடிந்து, மாநில அரசு வழியாக வருகிறது. அதில் தப்பில்லை. ஆனால் காட்டுப் பொருளுக்கு வாசலிலேயே ரொக்கமும், நடந்துபோகும் தூரத்தில் ஒரு மருத்துவரும் கிடைக்காதவரை எந்தத் திட்டமும் மாட்டோடு போட்டி போட முடியாது என்பதே என் எண்ணம்.

இன்று ஆக்ரியில் மாடுகள் 40 லட்சத்துக்கு மேல். அதில் ஒரு பங்கு மேய்வது, சிக்கோ மெண்டிஸ் பெயர் தாங்கிய காப்புக்காட்டுக்குள்.

(தொடரும்)