தேர்தல் கருத்துக்கணிப்பின் நம்பகத்தன்மை: ஆரணியை முன்வைத்து

முன்னுரை

மக்களாட்சியில் ஒரு தேர்தலுக்கும் அடுத்த தேர்தலுக்கும் இடையில் மக்களின் எண்ணத்தை அறிய உதவும் கருவி கருத்துக்கணிப்பு. கூட்டணி அமைப்பதிலும் வேட்பாளரைத் தெரிவு செய்வதிலும் கட்சிகள் இதனைக் கருத்தில் கொள்கின்றன. இக்கருவி எந்த அளவிற்கு நம்பத்தக்கது என்பதை 2016ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டமன்றத் தேர்தலின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

மாதிரியின் இயல்பு

1936இல் அமெரிக்காவின் 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. இருபது இலட்சத்திற்கும் மேற்பட்ட விடைகளைப் பெற்று, லாண்டன் வெல்வார் என அறிவித்தது. ஆனால் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46இல் வென்றார். தொலைபேசியும் மகிழுந்தும் உடையோரின் பட்டியல்களிலிருந்து முகவரிகள் பெரிதும் திரட்டப்பட்டமையால் ஏழை வாக்காளர் குரல் அதில் குறைந்தது. மிகச் சிறிய மாதிரியைக் கொண்டே ஜார்ஜ் காலப் முடிவைச் சரியாகக் கணித்தார். மாதிரியின் பருமனைவிட அதன் பிரதிநிதித்துவமே முதன்மையானது என்பது இதனால் தெளிவாகும்.

பிழை எல்லை

சமவாய்ப்பு முறையில் 1,000 பேரைத் தெரிவு செய்தாலும் கணிப்பு ஏறத்தாழ 3 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடவோ குறையவோ கூடும். 2016இல் அதிமுக அணிக்கும் திமுக அணிக்கும் இடையிலான வாக்கு வேறுபாடு ஏறத்தாழ ஒரு விழுக்காட்டுப் புள்ளி மட்டுமே. வாக்குப்பதிவிற்குப் பிந்தைய கணிப்புகளில் பல திமுக அணியை முன்னிறுத்தின. தேர்தல் நடந்த 232 இடங்களில் அதிமுக 134இல் வென்றது. சிறு வாக்கு வேறுபாடு பெரும் இட வேறுபாடாக மாறும் இத்தேர்தல் முறையில், வாக்கு விழுக்காட்டைச் சரியாகக் கணித்தாலும் இடங்களின் எண்ணிக்கை பிழைபடலாம்.

ஆரணியின் சான்று

ஆரணி மக்களவைத் தொகுதி போளூர், ஆரணி, செய்யாறு, வந்தவாசி, செஞ்சி, மயிலம் ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகளை உள்ளடக்கியது. 2016இல் ஆரணியும் செய்யாறும் அதிமுகவிற்கும் ஏனைய நான்கும் திமுகவிற்கும் கிடைத்தன. ஆரணி நகரில் மட்டும் கருத்துக் கேட்பவர் ஒரு முடிவையும், செஞ்சியில் மட்டும் கேட்பவர் அதற்கு மாறான முடிவையும் அடைய வாய்ப்புண்டு.

கேட்கும் நேரமும் இடமும் இங்குக் கருதத்தக்கவை. பட்டுத்தறி வீட்டிலேயே இயங்குவதால் பகலில் நெசவாளரைச் சந்திப்பது எளிது. வயலுக்குச் சென்றவரைச் சந்திப்பது அரிது. கூலிக்கு நெய்பவர் தமக்குப் பாவும் ஊடையும் தருபவர் முன்னிலையில் மனம் திறந்து விடையளிப்பார் எனக் கொள்வதற்கில்லை. வாக்குச்சாவடியின் மறைவு தறிமேட்டில் இல்லை. மாதிரி வாக்குச்சீட்டைப் பெட்டியில் இடச் செய்யும் முறை இக்குறையை ஓரளவு களையும்.

முடிவுரை

கருத்துக்கணிப்பு மக்கள் மனநிலையின் மதிப்பீடு, மக்கள் தீர்ப்பன்று. மாதிரி எவ்வாறு தெரிவு செய்யப்பட்டது, பிழை எல்லை எவ்வளவு, வாக்குகள் இடங்களாக எம்முறையில் மாற்றப்பட்டன என்னும் மூன்றையும் வெளியிடாத கணிப்பை ஆய்வுச் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. அணிகளின் வேறுபாடு பிழை எல்லைக்குள் அடங்குமாயின், வெற்றியாளரை அறிவிக்காதிருப்பதே நேரிய முடிவாகும்.